கை நனைக்காமல் வந்த ஊர்

நான் சிங்கப்பூர் போனது ஒரே ஒரு தடவை. காலையில் இறங்கினேன், மறுநாள் காலையில் விமானம் ஏறிவிட்டேன். வேலைக்காகப் போகவில்லை, சொந்தக்காரர் கல்யாணத்துக்கும் போகவில்லை. பாட்டுக் கேட்கப் போனேன். புதுக்கோட்டைப் பக்கம் அரிமளத்தில், எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டிப் பிழைக்கிறவன் பாட்டுக் கேட்க வெளிநாடு போனான் என்றால் யார் நம்புவார்கள்? ஒருத்தரும் நம்பவில்லை. என் கடைக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர், நான் யாரோ ஏஜெண்டிடம் ஏமாந்துபோய் ஒரே நாளில் திரும்பி வந்துவிட்டேன் என்றுதான் இன்று வரைக்கும் வருகிறவர் போகிறவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நானும் மறுத்துப் பேசுவதில்லை. ஏமாந்தது உண்மைதான். ஆனால் அதற்கு ஏஜெண்ட் யாரும் தேவைப்படவில்லை, நானே போதும்.

எனக்கு ஒரு அண்ணன், ஒரு தங்கச்சி. அண்ணன் என்னைவிட நாலு வயது மூத்தவன். அவன் திருச்சியில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தபோது, பிடித்த சினிமாப் பாட்டுகளைப் பட்டியல் எழுதி ஒரு ரெக்கார்டிங் கடையில் கொடுத்தான். வந்த கேசட்டில் ஒரு பக்கம் நாங்கள் கேட்ட பாட்டு இருந்தது. மறுபக்கத்தில் வேறு யாரோ கேட்ட பாட்டைக் கடைக்காரர் மாற்றிப் பதிந்துவிட்டார். நாலு வெள்ளைக்காரர்கள், இரண்டு கிடார், ஒரு டிரம்ஸ், தொண்டை கிழிந்துவிடுமோ என்று பயப்படும்படி ஒரு குரல். "காசக் குடுத்துக் கத்தலை வாங்கியாந்திருக்கேன் பாரு" என்று அண்ணன் கடைக்காரரைத் திட்டிக்கொண்டே அதை ஓட விட்டான். ஒரு வாரத்தில் சினிமாப் பாட்டுப் பக்கத்தை நாங்கள் மறந்தே போனோம்.

அந்தப் பக்கத்தின் கடைசிப் பாட்டு, போர்வெல் மோட்டார் திணறித் திணறிப் பிறகு சீராக ஓடத் தொடங்குமே, அப்படி ஆரம்பிக்கும். அதற்கு மோட்டார்ப் பாட்டு என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம். வார்த்தை ஒன்றும் புரியாது. வாய்க்கு வந்ததைப் போட்டு இரண்டு பேரும் வயலில் நின்று கத்துவோம். குரல் ஏறி ஏறி உச்சிக்குப் போகும் நேரத்தில் டேப் தீர்ந்து பட்டன் டக்கென்று மேலே எழும்பிவிடும். பாட்டு எப்படி முடிகிறது என்று எங்களுக்குத் தெரியாது. வெடித்துத்தான் முடியும் என்பேன் நான். "இல்லடா, இம்புட்டுக் கத்துறவன் கடைசியில அமைதியாயிருவான், பாரு" என்பான் அண்ணன். இதற்காக நாங்கள் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டிருக்கிறோம்.

அவன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன பிறகு ஒரு நாள் போன் செய்தான். "முழுப் பாட்டையும் கேட்டுட்டேன்டா. எப்படி முடியுதுன்னு சொல்லவா?"

"சொல்லாத. என்னைக்காவது நேர்ல வந்து பாடுவாங்கள்ல, அப்ப ரெண்டு பேரும் சேந்து நின்னு கேப்போம்" என்றேன். சரி என்றான். அதற்கப்புறம் கைபேசி வந்து, உலகத்துப் பாட்டெல்லாம் விரல் நுனிக்கு வந்தும், அந்த ஒரு பாட்டை மட்டும் முடிவு வரைக்கும் நான் கேட்கவில்லை. இப்படி ஒரு பைத்தியக்கார வைராக்கியம் எனக்கு. நல்ல காரியத்துக்கு அதில் பாதி இருந்திருக்கலாம்.

சண்டை வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். தங்கச்சி மகளுக்கு ஒரு வயதில் எங்கள் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்த ஏற்பாடாகியிருந்தது. எங்கள் பக்கம் பிள்ளையை மூத்த தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள். அண்ணனுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம், குழந்தை இல்லை. மடியில் வைக்க அவனுக்கு அந்த ஒரு பிள்ளைதான் இருந்தது. அதற்காகவே லீவு போட்டு அண்ணியையும் கூட்டிக்கொண்டு வந்தான். விமானம் தாமதம். கீரனூர் தாண்டி வந்துகொண்டிருக்கிறேன் என்று வேனில் இருந்து போன் செய்தான். நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. காது குத்தும் ஆசாரிக்கு வேறு ஊரில் இன்னொரு காது காத்திருந்தது. "ஒரு மாமன் வராட்டி என்ன, இன்னொரு மாமன் மடி இருக்குல்ல. உக்காருப்பா" என்று பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள். உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் சொன்னதற்காக மட்டும் இல்லை, எனக்கும் ஆசையாக இருந்தது.

அண்ணன் வேனில் இருந்து இறங்கும்போது பிள்ளை அழுது ஓய்ந்து என் தோளில் தூங்கிப்போயிருந்தாள். அவன் கையில் சீர்த் தட்டு. அதில் பட்டுப் பாவாடை, வாழைப்பழம், ஒரு சின்னப் பெட்டியில் தோடு. பிள்ளையின் காதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"கொஞ்ச நேரம் பொறுக்க முடியலையாடா?"

அந்த இடத்தில் 'மன்னிச்சுருண்ணே' என்று சொல்லியிருக்கலாம். சும்மா இருந்திருந்தால்கூடப் போதும். அத்தனை பேர் முன்னால் என்னைக் கேட்டுவிட்டானே என்று எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. "ஒனக்காக நல்ல நேரம் நிக்குமா? தட்டை வச்சிட்டுப் போ. மாமன் வேலைய நான் பாத்துட்டேன்" என்றேன்.

சொன்ன உடனேயே தெரிந்துவிட்டது, சொல்லியிருக்கக் கூடாது என்று. பிள்ளை இல்லாதவனிடம் எதைச் சொன்னேன் என்று அண்ணியின் முகத்தைப் பார்த்துத்தான் புரிந்தது. அண்ணன் தட்டைச் சாமிக்கு முன்னால் வைத்தான், விபூதி எடுத்துப் பூசிக்கொண்டான், வேனைப் பார்த்து நடந்தான். தங்கச்சி ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். "சாப்பிட்டுப் போங்கண்ணே, கறியெல்லாம் வெந்திருச்சு."

"இவன் இருக்குற எடத்துல இனி நான் கை நனைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

கை நனைப்பது என்றால் எங்களுக்கு ஒரு வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது. பேசிக்கொள்வது பெரிய விஷயமே இல்லை. பேச்சு பஸ் ஸ்டாண்டில்கூட வந்துவிடும். சண்டைக்காரன் வீட்டில் இலை போட்டு உட்கார்ந்து கை நனைத்தால்தான் சண்டை முடிந்தது என்று அர்த்தம். அது நடக்கும் வரைக்கும் எத்தனை தடவை சிரித்துப் பேசினாலும் கணக்கில் வராது.

பதினோரு வருஷம் ஓடியது. இடையில் அண்ணன் எங்கள் தெருவிலேயே, என் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி, மாடி வைத்து வீடு கட்டினான். புதுமனைப் பத்திரிகையைத் தங்கச்சியிடம் கொடுத்து விட்டான். நேரில் வந்து அழைக்காதவன் வீட்டுக்கு எப்படிப் போவது என்று நான் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லீவில் வரும்போது அவன் கார் என் கடையைத் தாண்டிப் போகும். நான் தலை நிமிராமல் காயில் சுற்றிக்கொண்டிருப்பேன். எத்தனை சுற்று என்பது தப்பிப்போகும், பிரித்து முதலில் இருந்து சுற்றுவேன்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி என் வீட்டுக்கு வந்தாள். புதுக்கோட்டையில் ஒரு ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். வந்ததும் வராததுமாக, "சின்னண்ணே, ஒங்க கத்தல் கோஷ்டி சிங்கப்பூருக்கு வருதாம். கடலோரமா தெறந்த மைதானத்துல கச்சேரியாம்" என்றாள்.

"அதுக்கு?"

"பெரியண்ணன் டிக்கெட் எடுத்துட்டாரு."

"என்னையக் கேட்டானா?"

"கேக்கல. ஆனா எத்தனையோ இருக்க, இதைய எதுக்கு என்கிட்ட மெனக்கெட்டுச் சொல்றாரு?"

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். கச்சேரிக்குப் போக வேண்டும் என்று மனைவியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவள் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "பாட்டுக்கா போறீங்க? ஒங்கண்ணனைப் பாக்கப் போறீங்க. போயிட்டு வாங்க" என்றாள். பாஸ்போர்ட் எடுப்பதிலிருந்து டிக்கெட் வரைக்கும் எல்லாம் தங்கச்சிதான் பார்த்தாள். நான் வருவதை அவள் அண்ணனிடமும் சொல்லிவிட்டாள். அவன் சரி என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டானாம்.

என் திட்டம் இதுதான். அவன் வீட்டுக்கு நேராகப் போக முடியாது, அழைப்பு இல்லை. மைதானம் பொது இடம். அங்கே தற்செயலாகப் பார்த்துக்கொண்டது போலப் பார்த்துக்கொள்ளலாம். மோட்டார்ப் பாட்டு வரும்போது பக்கத்தில் போய் நின்றுவிட்டால் போதும், அவன் பேசிவிடுவான். பிறகு அவனே வீட்டுக்குக் கூப்பிடுவான், போய்க் கை நனைத்துவிட்டு வருவேன். டிக்கெட் எடுத்ததைத் தங்கச்சியிடம் சொன்னானே, அவன் மனதிலும் இதுதான் இருக்கும் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன்.

எங்கள் ஊரில் யார் வெளிநாடு போனாலும் வேன் பிடித்துக் குடும்பமே திருச்சி ஏர்போர்ட் வரைக்கும் வந்து விட்டுவிட்டுப் போகும். ஒரு நாளில் திரும்பி வருகிறவனுக்கு எதற்கு வேன் என்று கேட்டும் மனைவியும் பிள்ளைகளும் தங்கச்சியும் அவள் மகளும் ஏறிக்கொண்டார்கள். வழியில் மனைவி ஒரு பொட்டலத்தை என் பையில் வைத்தாள். மாவத்தல். மாங்காயைக் கீறி உப்புப் போட்டுக் காய வைத்தது. கறிக் குழம்பில் அதைப் போட்டால் அண்ணன் இரண்டு ஆள் சோறு சாப்பிடுவான். "மறக்காமக் குடுங்க" என்றாள்.

சிங்கப்பூரில் இறங்கி, தமிழ் ஆட்கள் இருக்கும் பகுதியில் ஒரு லாட்ஜில் பையை வைத்தேன். ஒரு நாளைக்கு எதற்கு அந்த ஊர் சிம் என்று வாங்கவில்லை. மாவத்தலைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தின்பண்டம் உள்ளே விட மாட்டார்கள் என்று லாட்ஜ்காரர் சொன்னார். சரி, அவனைப் பார்த்த பிறகு இங்கே கூட்டி வந்து கொடுக்கலாம் என்று கட்டிலில் வைத்துவிட்டேன்.

மைதானத்துக்கு மத்தியானமே போய்விட்டேன். கேட் திறந்ததும் உள்ளே போகிறவர்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தேன். ஆயிரம், பத்தாயிரம் என்று வந்துகொண்டே இருந்தார்கள். சாயங்காலம் மழை பிடித்தது. எல்லாரும் பிளாஸ்டிக் கோட்டை மாட்டித் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். அதற்குமேல் யார் முகமும் தெரியவில்லை. முதுகை வைத்துத் தேட ஆரம்பித்தேன். அண்ணனுக்கு இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். அப்படி ஒரு தோளைப் பார்த்து ஓடிப்போய்த் தொட்டேன். யாரோ ஒரு சீனத்துப் பெரியவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் ஏனோ என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

நாலு பேரும் மேடைக்கு வந்தார்கள். கேசட் அட்டையில்கூடப் பார்க்காத முகங்கள். அந்தக் குரலுக்கு உரியவருக்கு முடி முழுக்க வெளுத்திருந்தது. முப்பது வருஷமாக நான் ஆசைப்பட்ட பாட்டுகளை எனக்கு எதிரே நின்று பாடினார்கள். என்ன பாடினார்கள் என்று கேட்டால் வரிசையாகச் சொல்லத் தெரியாது. என் முகம் மேடைப் பக்கம் இருந்ததைவிடக் கூட்டத்தின் பக்கம் இருந்ததுதான் அதிகம். மைதானத்துக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடி வீடுகள் உயரமாக நின்றன, ஜன்னல் ஜன்னலாக விளக்கு. அதையும் பார்த்தேன். அங்கே எனக்கு என்ன வேலை என்று திரும்பிக்கொண்டேன்.

கடைசியாக மோட்டார்ப் பாட்டு வந்தது. டிரம்ஸ் திணறியது, பிறகு ஓட ஆரம்பித்தது. குரல் ஏறிக்கொண்டே போய், எங்கள் டேப் தீருமே அந்த இடத்துக்கு வந்தது. என் உடம்பு தானாகவே அந்த டக் சத்தத்துக்குக் காத்திருந்தது. சத்தம் வரவில்லை. பாட்டு மேலே போனது, போய் மெல்லக் கீழே இறங்கியது, ஒவ்வொரு வாத்தியமாக நின்றது. கடைசியில் அந்தக் கிழவரின் குரல் மட்டும், மூச்சு விடுவதைப் போல. அதுவும் நின்றது. அத்தனை ஜனமும் அசையாமல் நின்றது.

அண்ணன் சொன்னதுதான் சரி. "நீ சொன்னதுதாண்ணே" என்று சொல்ல இடது பக்கம் திரும்பிவிட்டேன். அங்கே ஒரு பெண் கோட்டில் இருந்த மழைத் தண்ணீரை உதறிக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கலைந்து, கேட்டில் கடைசி ஆள் போகும் வரைக்கும் நின்றேன். துப்புரவு செய்கிறவர்கள் வந்து போகச் சொன்னார்கள். லாட்ஜுக்கு நடந்து போகும்போது எனக்குள் ஒரு கதை உருவாகிவிட்டது. அவன் வந்திருக்கிறான். என்னைப் பார்த்திருக்கிறான். முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறான். அப்படித்தான் இருக்கும், வேறு எப்படி இருக்கும்? கட்டிலில் கிடந்த மாவத்தல் பொட்டலத்தைப் பைக்குள் திணித்தேன்.

காலையில் ஏர்போர்ட்டில் இலவச வைஃபை கிடைத்தது. கைபேசி நிற்காமல் துடித்தது. எல்லாம் தங்கச்சி அனுப்பியவை. முதல் செய்தியை முந்தின நாள் சாயங்காலமே அனுப்பியிருக்கிறாள்.

"சின்னண்ணே, எங்க இருக்கீங்க? பெரியண்ணன் கச்சேரிக்கே போகலையாம். வீட்ல சமைச்சு வச்சிட்டு ஒங்களுக்காக உக்காந்திருக்காராம். அண்ணி இப்பத்தான் ரகசியமா போன் பண்ணுச்சு. நேரா வீட்டுக்குப் போங்க."

அப்புறம் இன்னொன்று. "கச்சேரி முடிஞ்சாவது போங்கண்ணே. எம்புட்டு நேரமானாலும் பரவால்ல." விலாசமும் அனுப்பியிருந்தாள். அந்த விலாசம் எனக்கு மனப்பாடம், தங்கச்சி அனுப்பும் பார்சல்களில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். கடைசிச் செய்தி அன்று காலையில் வந்தது. "எங்க இருக்கீங்க? ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே."

என் விமானத்துக்கு இன்னும் மூன்று மணி நேரத்துக்கு மேல் இருந்தது. டாக்ஸி பிடித்தால் அவன் வீடு இருபது நிமிஷம். போய் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வர நேரம் இருந்தது. விமானம் போனால்தான் என்ன, குடியா முழுகிவிடும்? நாற்காலியில் இருந்து எழுந்தேன். உடனே உள்ளே இருந்து அந்தப் பழைய சனியன் கிளம்பியது. நான் கடல் தாண்டி வந்து மழையில் நின்று தேடியிருக்கிறேன், இவன் வீட்டில் உட்கார்ந்திருந்தானாம். 'வாடா' என்று ஒரு வார்த்தையை அவன் வாயால் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? பொங்கலுக்கு லீவில் வருவான்தானே, அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

தங்கச்சிக்குப் பதில் அனுப்பினேன். "பிளைட் ஏறிட்டேன்."

திரும்ப உட்கார்ந்தேன். மூன்று மணி நேரமும் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பையைத் திறந்து பொட்டலத்தை எடுத்தாள். "பாக்கலையா?"

"சரியான கூட்டம்" என்றேன்.

 அவள் பொட்டலத்தைப் பிரிக்காமல் அடுப்படி அலமாரியில் மேல் தட்டில் வைத்தாள்.

மாதங்கள் போயின. அண்ணன் பொங்கலுக்கு வருகிறான் என்று தங்கச்சி சொன்னாள். இந்தத் தடவை அழைப்பும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், வந்து இறங்கிய அன்றைக்கே நானே போய்விடுகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். நிஜமாகவே சொன்னேன். மார்கழியில் ஒரு நாள், வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது.

திருச்சி ஏர்போர்ட்டில் சரக்கு வரும் பக்கம் போய் நின்றேன். ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். உறவு என்ற இடத்தில் தம்பி என்று எழுதினேன். அந்த வார்த்தையை எழுதிப் பல வருஷம் ஆகியிருந்தது. அவனுக்குப் பிள்ளை இல்லாததால் கொள்ளி வைக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். மாமன் வேலையைப் பார்த்தவன் மகன் வேலையையும் பார்த்தேன். இந்தத் தடவை, பொறுக்க முடியலையாடா என்று கேட்க ஆள் இல்லை.

காரியம் முடியும் வரைக்கும் அண்ணன் வீட்டில்தான் எந்நேரமும் நின்றேன். பந்தல், நாற்காலி, வருகிறவர்கள், போகிறவர்கள் எல்லாம் நான்தான் பார்த்தேன். ஆனால் ஒரு வாய் காபிகூட அங்கே குடிக்கவில்லை. பசித்தால் மூன்று வீடு தள்ளி என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனேன். வீம்பு இல்லை. கூப்பிட வேண்டியவன் கூப்பிடவில்லையே, எப்படி உட்காருவது என்று தெரியவில்லை.

பதினைந்தாம் நாள், மறுநாள் படையலுக்கு என்னென்ன சமைப்பது என்று கேட்க அண்ணியிடம் போனேன். இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைக்க வேண்டும். அண்ணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"என்னத்தத் தம்பி புதுசா யோசிக்கிறது. அன்னைக்கு ஒங்களுக்குன்னு அவங்க ஆக்கி வச்சதையே ஆக்கிரலாம்" என்றார்.

 அண்ணி தானாகச் சொன்னார்.

"காலையிலேயே மார்க்கெட்டுக்குப் போயிட்டாங்க. என்னைய அடுப்புப் பக்கம் விடல. கறிக் குழம்பு, ஈரல், ரசம், எல்லாம் அவங்களே. மாவத்தல் மட்டும் கெடைக்கல. அது தம்பி கொண்டாருவான், வந்தோடன போட்டுக்கலாம்னு குழம்ப எறக்காம வச்சிருந்தாங்க."

"டிக்கெட் எடுத்திருந்தாருல்ல அண்ணி. ஏன் மைதானத்துக்கு வரல?" என்று கேட்டேன்.

"நானும் அதைத்தான் கேட்டேன். மைதானத்துல வச்சுப் பாத்தா, பாட்டு முடிஞ்சதும் அவன் அங்கிட்டு நான் இங்கிட்டுன்னு போயிருவோம், அது ஒறவு ஆகாதுன்னாங்க. அவன் வீட்டுக்கு வரணும், எலையில உக்காரணும். தேடி வாரவன் வீட்டுக்கு வராம எங்க போவான்னாங்க. ரெண்டு எலை போட்டாங்க தம்பி. எனக்குக்கூடப் போடல. மொதல்ல நீங்க ரெண்டு பேரும் சாப்பிடணுமாம்."

சிங்கப்பூரில் அவர்கள் வீடு பதினோராவது மாடியில். மைதானம் எதிரே.

"ஜன்னலத் தொறந்து வச்சிட்டு நின்னாங்க. பாட்டு அம்புட்டும் கேட்டுச்சு. கடைசியா ஒண்ணு வந்துச்சு. இது எங்க மோட்டார்ப் பாட்டு, இது முடிஞ்சோடன கெளம்பிருவான், நீ குழம்பச் சுட வையின்னாங்க. அப்பறம் லிஃப்ட் சத்தம் கேக்குறப்பல்லாம் கதவத் தொறந்து பாத்தாங்க."

அண்ணி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"விடிஞ்சும் அந்த எலைய எடுக்க விடல. பிளைட்டுக்கு முன்னாடி வருவான்னாங்க. தங்கச்சி போன் பண்ணி, நீங்க பிளைட் ஏறிட்டீங்கன்னு சொன்ன பெறகுதான் ரெண்டு எலையையும் மடிச்சாங்க."

அந்த நேரம் நான் ஏர்போர்ட் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் முழுசாக மூன்று மணி நேரம் இருந்தது. அண்ணியிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தங்கச்சியிடமும் சொன்னதில்லை, மனைவியிடமும் சொன்னதில்லை. எழுதுவது இதுதான் முதல் தடவை.

மறுநாள் காரியம் முடிந்து, குளித்துவிட்டு வந்தோம். என் மனைவி அலமாரி மேல் தட்டில் இருந்த பொட்டலத்தை எடுத்து வந்து, பிரித்து, குழம்பில் போட்டாள். அண்ணனின் போட்டோவுக்கு முன்னால் அண்ணி இலை போட்டார். சோறு, கறி, ஈரல், ரசம், மாவத்தல் போட்ட குழம்பு. எல்லாரும் விழுந்து கும்பிட்டோம். கும்பிட்டு எழுந்தபோது, அந்த இலைக்குப் பக்கத்தில் அண்ணி இன்னொரு இலையை விரித்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். யாருக்கு என்று சொல்லவில்லை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

உட்கார்ந்தேன். தங்கச்சி மகள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். பன்னிரண்டு வயது ஆகிறது அவளுக்கு. அன்று அண்ணன் தட்டில் வைத்துவிட்டுப் போன தோட்டை, இத்தனை வருஷம் தங்கச்சி பெட்டியோடு வைத்திருந்ததை, முதல் தடவையாகப் போட்டிருந்தாள்.

"தண்ணி ஊத்தவா மாமா?"

கையை நீட்டினேன். அண்ணன் வீட்டில் கை நனைத்தேன். பக்கத்து இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.